சிகப்பி ஆச்சி ரத்தம்

சொம்பு அந்த ஆளின் நெற்றியில் பட்டதா, கையிலிருந்த போனில் பட்டதா என்பதில் கோட்டையூரில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. பட்டது போனில்தான். போன் போய் நெற்றியில் பட்டது. எறிந்த சாலாவே சொல்கிறாள், அவளைவிட யாருக்குத் தெரியும்? காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷமாக வேதியியல் டீச்சர். எது எதோடு சேர்ந்தால் வெடிக்கும் என்று பிள்ளைகளுக்கு எழுதிப் போடுகிறவள். அன்றைக்கு அவளே வெடித்தாள், அவ்வளவுதான்.

வந்த ஆள் பெயர் நாராயண். ஏதோ ஹோட்டல் கம்பெனிக்காரன். பழைய வீடுகளை முப்பது வருஷக் குத்தகைக்கு எடுத்து, வெள்ளையடித்து, வெள்ளைக்காரனைப் படுக்க வைக்கிற வியாபாரம். சாலாவின் அண்ணன் காசிதான் கோயம்புத்தூரிலிருந்து கையோடு கூட்டி வந்திருந்தான். வீடு அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் பாத்தியம். இரண்டு கையெழுத்தும் வேண்டும். சாலா அதுவரை முக்கால்வாசி சம்மதம்தான். கட்டிக்கொடுத்த வீடு சரிப்படாமல் பெட்டியோடு திரும்பி வந்த நாளிலிருந்து அத்தனை பெரிய வீட்டை ஒற்றையாளாய்ப் பெருக்கி அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

நாராயண் வீடு முழுக்கச் சுற்றினான். மாடியில் வடக்கு மூலை அறைக்கு வந்தவன் கதவைத் தடவிப் பார்த்தான். உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லை. வெளிப்பக்கம் மட்டும் கட்டை விரல் தடிமனுக்கு ஒரு இரும்புக் கொண்டி.

"இது என்ன சார், உல்ட்டாவா இருக்கு?"

"எங்க அப்பத்தா ரூம்," என்றான் காசி. "சிகப்பி ஆச்சின்னு பேரு. புத்தி சரியில்லாம போச்சு. இருபத்தெட்டு வருஷம் இதுக்குள்ளதான் இருந்தாக."

நாராயண் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொன்ன பெண்ணைப் பெற்றவன் முகத்தில்கூட அப்படி வராது. கீழே இறங்கி வந்து வளவில், முற்றத்தை ஒட்டி, நாற்காலியில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தான். "சார், இதுதான் சார் நம்ம வீட்டோட ஸ்பெஷல். 'பைத்திய ஆச்சி ரூம்'. தனி ரேட் போடலாம். சாயங்காலமானா வெளிய நின்னு யாராவது லேசா வளையலக் குலுக்கினாப் போதும். சின்ன எஃபெக்ட்."

காசி சிரித்தான். "வளையல் என்னங்க வளையல், சங்கிலியே போட்டுக்கிடலாம்."

சாலா அப்போது விருந்தாளிக்குத் தண்ணீர் கொண்டு வந்துகொண்டிருந்தாள். தண்ணீரும் சொம்புமாகச் சேர்ந்தே போய்ச் சேர்ந்தது.

விருந்தாளி நெற்றியில் ஐஸ் வைத்துக்கொண்டு காரில் ஏறும்வரை வாயை மூடியிருந்த காசியின் மனைவி தேனம்மை, கார் திரும்பியதும் அதைச் சொன்னாள். வருஷக்கணக்கில் அந்தக் குடும்பத்தில் எல்லோரும் வாய்க்குள் வைத்திருந்த வாக்கியம் அது. "எங்க போகும்? சிகப்பி ஆச்சி ரத்தம்ல. அந்த மூக்கப் பாருங்க, அதே மூக்கு."

சாலா உள்ளே போய்க் கண்ணாடியில் மூக்கைப் பார்த்தாள். அங்கேதான் அவளுக்குப் பயம் பிடித்தது.

ஏனென்றால் அவளுக்கே சந்தேகம் இருந்தது. நாலைந்து மாசமாகத் தூக்கம் இல்லை. பரீட்சைத் தாள் திருத்தும்போது சத்தமாகப் பேசிக்கொள்கிறாள். எதிரில் யாரோ உட்கார்ந்து வழக்கடிப்பது மாதிரி, கேள்வி பதில் இரண்டும் அவளே. போன வாரம் சில்லறைக்காகக் கண்டக்டரிடம் போட்ட சண்டையில் பஸ்ஸே நின்றுவிட்டது. எல்லாவற்றையும்விட மோசம், சொம்பு கையை விட்டுப் போன நொடியில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது. கெட்டித் தயிர்ச் சோறு தொண்டையில் இறங்குகிற மாதிரி குளிர்ந்த, முழுசான சுகம். புத்தி சரியாக இருக்கிறவளுக்கு அடுத்தவன் மண்டை வீங்குவதில் சுகம் வருமா?

சிகப்பி ஆச்சியை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆச்சி செத்தபோது சாலாவுக்குப் பதினோரு வயது. மூலை அறைக்கு நடையைப் பார்த்தாற்போல் ஒரு ஜன்னல் உண்டு. கம்பிக்குப் பின்னால் வெள்ளைச் சேலையும் இரண்டு கண்ணும் தெரியும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது சாலா போய் நின்று "அப்பத்தா" என்று கூப்பிடுவாள். உள்ளேயிருந்து எப்போதும் ஒரே பதில்தான் வரும். கத்தல் இல்லை, கதறல் இல்லை. தபால்காரனிடம் விலாசம் தப்பு என்று சொல்கிற குரல்.

"நான் உனக்கு அப்பத்தா இல்லடி. போ."

பெரியவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். "சொந்தப் பேத்தியவே அடையாளம் தெரியல, பாவம். முத்திப்போச்சு."

சொம்பு விஷயத்துக்கு மூன்றாம் நாள் காசி இறங்கிய குரலில் பேச வந்தான். அவன் குரலை இறக்கினால் ஏதோ விற்க வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

"சாலா, ஒன்னய யாரும் குத்தம் சொல்லல. மதுரையில ஒரு லேடி டாக்டர் இருக்காக. ஒரு தடவ காட்டிட்டு வந்துருவமே."

"எதுக்குண்ணே?"

"ஒன் நல்லதுக்குத்தான்."

"என் நல்லதுன்னா சரி. கையெழுத்துக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்லையே?"

காசி பதில் சொல்வதற்கு முன் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டான். துணிக்கடையில் சாயம் போகுமா என்று கேட்டால் கடைக்காரன் எடுப்பானே, அந்த மூச்சு. "ஒனக்கு முடியலேன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டா, கோர்ட்டுல சொல்லி ஒனக்குப் பதிலா நானே போட்டுருவேன். ஒனக்கு எதுக்கு வீண் அலைச்சல்?"

அவள் அவனையும் வீட்டைவிட்டு விரட்டியிருக்கலாம். விரட்டவில்லை. பாதிக் கோபத்தில் இருந்தாள், பாதிப் பயத்தில். கோபம் இவன் பித்தலாட்டக்காரன் என்றது. பயம், இவன் பித்தலாட்டக்காரனாக இருந்தாலும் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால் என்றது. அயோக்கியன் சொன்னாலும் மழை பெய்தால் நனையத்தானே வேண்டும். போனாள்.

டாக்டர் பெயர் சௌபர்ணிகா. நாற்பது வயதுகூட இராது. கம்ப்யூட்டர் இல்லாமல் பேனாவால் எழுதுகிறவள். அண்ணன் தங்கை இருவரையும் எதிரே உட்கார வைத்துக் கேட்க ஆரம்பித்தாள்.

"குடும்பத்துல யாருக்காவது மனநலப் பிரச்சினை இருந்திருக்கா?"

இந்தக் கேள்விக்காகவே எண்பது கிலோமீட்டர் கார் ஓட்டி வந்தவன் போல் காசி நிமிர்ந்தான். "எங்க அப்பத்தாவுக்கு, டாக்டர். லேசுப்பட்டதில்ல, கோர்ட்டே பைத்தியம்னு தீர்ப்பு சொன்ன கேஸு. ரத்தத்துலயே ஓடுது."

கோர்ட்டா? சாலாவுக்கு அது புதுச் செய்தி. கேட்க வாயெடுப்பதற்குள் டாக்டர் எழுதி முடித்து அடுத்ததற்குப் போய்விட்டாள்.

"சர்க்கரை?"

"எங்க அப்பச்சிக்கு, அதான் எங்க அப்பாவுக்கு, இருந்துச்சு. ஆனா அது எங்க வீட்டுச் சர்க்கரை இல்ல டாக்டர்." காசிக்கு வீட்டுப் பெருமையில் ஒரு பொட்டுக் குறையக்கூடாது. "எங்க அப்பச்சி இந்த வீட்டுக்குப் பிள்ளை வந்தவுக. அவுக பெத்த வீடு பள்ளத்தூரு. அங்குட்டு அத்தன பேருக்கும் சர்க்கரை. எங்க வீட்ல ஒருத்தருக்கும் கெடையாது."

"பிள்ளை வந்தவங்கன்னா?"

"சுவீகாரம். எங்க ஐயாவுக்கு, தாத்தாவுக்குத்தான், பிள்ளை இல்ல. பத்து வயசுல கூட்டிக்கிட்டாக."

சாலாவுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"பாருங்க டாக்டர்," என்றான் காசி, சாட்சி கிடைத்த வக்கீல் மாதிரி. "இப்பிடித்தான். காரணமே இல்லாம."

"அண்ணே," என்றாள் சாலா, மூச்சு வாங்கி. "அப்பச்சி சர்க்கரை பள்ளத்தூர் ரத்தம். சரி. அந்த அப்பச்சி பெத்த எனக்கு, பைத்தியம் மட்டும் எப்பிடிண்ணே கோட்டையூர் ரத்தமாச்சு?"

காசி டாக்டர் பக்கம் பார்த்தான். "அது... அவுக நம்ம அப்பத்தால்ல?"

இதை வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். இந்த ஊரில் பிள்ளை வந்தவன் என்றால் வந்தவன்தான். கோயில் மாலை வாங்கி உள்ளே வந்த நாளிலிருந்து இனிஷியல், பங்காளி, தீட்டு, திதி எல்லாம் இந்த வீட்டுக் கணக்கு. பெற்ற வீட்டை நாகரிகத்துக்குக்கூட யாரும் எடுத்துப் பேசுவதில்லை. அவ்வளவு சுத்தமாகச் செய்கிற வேலையில் ரத்தம் ஒன்று மட்டும் மாறாது என்பதை ஊரே மறந்துவிட்டது. மூக்கைக்கூட ஒட்டவைத்துவிட்டார்கள்! சாலாவுக்கும் எல்லாம் தெரியும். அப்பச்சி பிள்ளை வந்தவர் என்பது ஒரு அறையில் இருந்தது, அப்பத்தா பைத்தியம் என்பது அடுத்த அறையில். நடுவில் இருந்த கதவை நாற்பத்தேழு வயதுவரை அவள் திறந்து பார்த்ததில்லை. படித்தவள், டீச்சர்.

டாக்டர் எழுதிய வரியைக் குறுக்காக ஒரு கோடு போட்டு அடித்தாள். பிறகு காசியை வெளியே அனுப்பினாள்.

"நான் பைத்தியமா டாக்டர்?"

"அந்த வார்த்தைக்கு எங்க புத்தகத்துல பக்கமே இல்ல மேடம். தூக்கம் இல்ல, அது நிஜம். கோபம் இருக்கு, அதுவும் நிஜம். தைராய்டு டெஸ்ட் எழுதறேன், பத்து நாள் தூங்கறதுக்கு மாத்திரை தரேன். அப்புறம் பாப்போம்."

"ரத்தம் இல்லேன்னுதான் ஆயிருச்சே."

"ரத்தம் இல்லாததால நல்லா இருக்கீங்கன்னு ஆகிடாது. இருந்திருந்தாலும் நல்லா இல்லைன்னு ஆகியிருக்காது."

"பைத்தியம் இல்லைன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்களேன்."

டாக்டர் முதல் முறையாகச் சிரித்தாள். "அப்படி ஒரு சீட்டு யாருக்குமே தர முடியாது. என்கிட்டயே கிடையாது."

திரும்பி வரும்போது காசி மேலூர் தாண்டி பெட்ரோல் போட நிறுத்தினான். அவன் இறங்கியதும் சாலா பின் சீட்டுக்குக் கையை நீட்டினாள். ஹோட்டல்காரன் வக்கீலுக்குக் காட்ட வேண்டும் என்று வீட்டு மூலப் பத்திரங்களை ஒரு பச்சை ஃபைலில் போட்டு அவன் ஒரு வாரமாகத் தூக்கிக்கொண்டு திரிவது அவளுக்குத் தெரியும். கோர்ட் என்றானே, அது அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது.

தேட வேண்டியிருக்கவில்லை. சுவீகாரப் பத்திரம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று, வைகாசி. அதோடு குண்டூசியில் குத்தியிருந்த கோர்ட் உத்தரவு அதே வருஷம், பங்குனி. அதற்கும் பின்னால் ஐயா கொடுத்த மனு, வக்கீல் குமாஸ்தா தமிழில்.

'மேற்படி சிகப்பி என்பவள் கணவன் சொல்லுக்குக் கட்டுப்படுவதில்லை. பிள்ளை கூட்டச் சம்மதம் கேட்டால் கையில் அகப்பட்டதை எறிகிறாள். பிள்ளையில்லாக் குறை தன்னிடத்தில் இல்லை, கணவனிடத்திலேயே உள்ளதென்று வேலையாட்கள் முன்னிலையில் கூசாமல் சொல்லுகிறாள். இவை சித்த சுவாதீனமுள்ள ஸ்திரீ செய்யத் தக்கவை அல்ல.'

சாலா அந்தக் கடைசி வரியை நான்கு தரம் படித்தாள். ஒவ்வொரு தரமும் காது மடல் சூடேறியது. முதலில் கோபம் ஐயா மேல். பிறகு அதை உட்கார்ந்து எழுதிய குமாஸ்தா மேல். பிறகு வரிசையாக, பங்குனியில் அந்தக் கொண்டியை அடித்துக் கொடுத்த கொல்லன், தட்டில் சோறு கொண்டுபோன சமையல்காரர், உச்சுக் கொட்டிய அத்தனை பேர். கடைசியில் தன்மேலேயே வந்து நின்றது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பத்தா என்று கூப்பிட்டது யார்? அவளிடமே போய், அவளை அடைத்ததற்குக் காரணமான உறவையே சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். அதற்கு அந்த மனுஷி அத்தனை வருஷமும் உண்மையைத்தான் பதிலாகச் சொல்லியிருக்கிறாள், ஒரு எழுத்துப் பிசகாமல். வீட்டிலேயே உண்மை பேசிய ஒரே ஆளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, வெளியே இருந்தவர்கள் எல்லாம் புத்திசாலிகளாக நடமாடியிருக்கிறார்கள்.

திருப்பத்தூர் தாண்டி ஒரு டீக்கடையில் காசி நிறுத்தினான். சாலா சேலைத் தலைப்புக்குள் மறைத்து வைத்திருந்த ஃபைலோடு இறங்கினாள். அவன் முகம் மாறியது.

"அத எதுக்கு எடுத்த?"

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். எதுக்கு அவுகளக் கோர்ட்டுக்கு இழுத்தாக?"

காசி டீ கிளாஸை ஊதினான். "பொண்டாட்டி சம்மதம் இல்லாமப் பிள்ளை கூட்ட முடியாதுன்னு அப்பத்தான் சட்டம் வந்திருந்துச்சு. பைத்தியம்னு கோர்ட்டு சொல்லிட்டா சம்மதம் தேவையில்ல. அப்பத்தா ஒத்துக்கல. ஐயா என்ன செய்வாக?"

"ஒரு கையெழுத்துக்காக."

"பழங்கதை சாலா."

"பழசா? நேத்து எனக்கு என்ன சொன்னீக? ஒனக்குப் பதிலா நானே போட்டுருவேன்னு சொல்லல?" அவள் குரல் ஏறியது. டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். "சரி, சொல்லுங்க. அவுக பைத்தியமா, இல்லையா?"

"பைத்தியந்தான்."

"வேலையாளுக முன்னால உண்மையச் சொன்னதுக்கா?"

"ஏ, மெதுவாப் பேசு." காசி சுற்றும் முற்றும் பார்த்தான். வியாபாரி மூளை அதற்குள் கூட்டிக் கழித்துவிட்டது. சிகப்பி ஆச்சிக்குப் புத்தி சரியாக இருந்தது என்றால் அந்தத் தீர்ப்பு பொய். தீர்ப்பு பொய் என்றால் அப்பச்சி பிள்ளை வந்தது செல்லாது. அறுபது வருஷத்துக்கு அப்புறம் கோர்ட் அதை ஏற்குமா ஏற்காதா என்பது வேறு விஷயம். பங்காளிகள் காதில் விழுந்தால் போதும். வில்லங்கம் என்ற வாசனை அடித்தாலே ஹோட்டல்காரன் அடுத்த தெருவில் வேறு வீடு பார்த்துவிடுவான். "அவுக பைத்தியமா இருந்தாத்தான் நமக்கு இந்த வீடு. ஒனக்கும் சேத்துத்தான் சொல்றேன். புரியுதா?"

"நல்லாப் புரியுது. அவுக பைத்தியமா இருந்தா நமக்கு வீடு. நான் பைத்தியமா இருந்தா ஒங்களுக்கு ஹோட்டலு."

காசி ஒரு மிடறு குடித்துவிட்டு, பேரம் முடிக்கிற குரலுக்கு வந்தான். "சரி விடு. ஒனக்கு என்னதான் வேணும்? அதச் சொல்லு."

"கையெழுத்துப் போடுறேன்."

அவன் நிமிர்ந்தான்.

"ரெண்டே ரெண்டு. அந்த ரூம்பு வெளிக் கொண்டியப் பேத்து எடுக்கணும். அந்தாளு அவுக கதையச் சொல்லித்தான் ஆள் பிடிப்பான்னா முழுக் கதையையும் சொல்லட்டும். இந்த மனுவையும் தீர்ப்பையும் கண்ணாடி போட்டு அந்த ரூம்பு செவத்துல மாட்டணும். வர்ற வெள்ளக்காரனுக்கும் புரியிற மாதிரி இங்கிலீஷ்லயும் எழுதி. இந்த ரூம்புல புத்தி தெளிவா இருந்த ஒரு பொம்பளைய இருபத்தெட்டு வருஷம் பூட்டி வச்சோம், பூட்டினவுக பேரன் பேத்திதான் வாடக வாங்குறோம்னு அடியில நம்ம ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். மாட்டுன அன்னைக்கே நானும் பத்திரத்துல போடுறேன்."

"ஒனக்கு நெசமாவே பைத்தியந்தான்டி!"

"அப்ப கோர்ட்டுக்கே போங்க. அங்க ஜட்ஜ் முன்னால நின்னு நானே வாசிக்கிறேன். கணீர்னு வாசிப்பேன், டீச்சர்ல?"

"அந்த ஃபைலக் குடு."

"மாட்டேன்."

காசி டீ கிளாஸை ஓங்கித் தரையில் அடித்தான். கண்ணாடி நாலாபக்கமும் சிதறியது. பெஞ்சில் இருந்த இரண்டு பேர் காலைத் தூக்கிக்கொண்டார்கள். ஒரு துண்டு சாலாவின் சேலை ஓரத்தில் வந்து விழுந்தது.

டீ மாஸ்டர் துடைப்பத்தோடு வந்தார். சாலா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் கண்ணாடியை உடைத்த ஆளிடம் மனுஷன் சண்டைக்குப் போகவில்லை.

"விடுங்கண்ணே, விடுங்க. கோவம் யாருக்குத்தேன் வராது?" என்றார். பிறகு சாலா பக்கம் திரும்பி, கொஞ்சம் கண்டிப்பாக, "நீங்களும் ஏன் ஆத்தா பொது எடத்துல வச்சு அவுகளப் போட்டுக் கெளப்பிவிடுறீக? கோவக்கார மனுசன்னு தெரியுதுல்ல. மனசு தங்கமா இருக்கும்," என்றார்.

ஆக, அவன் எறிந்தால் தங்கம். அவள் எறிந்தால் மதுரைக்குக் கார். சிகப்பி ஆச்சி எறிந்தால் இருபத்தெட்டு வருஷம். ஒரே வேலை, ஒரே கை வீச்சு. எறிந்தது யார் என்று பார்த்துத்தான் இந்த ஊர் அதற்குப் பெயர் வைக்கிறது. இதைக் கண்டுபிடிக்க டாக்டர் எதற்கு? ஒரு டீக்கடை போதும்.

அவள் கண்ணாடித் துண்டைச் சேலையிலிருந்து எடுத்து பெஞ்சின்மேல் வைத்தாள். ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"வண்டியத் திருப்புங்கண்ணே," என்றாள். "மதுரைக்குப் போவம். டாக்டர் இன்னும் இருப்பாக. ஒங்களையும் ஒரு தடவ காட்டிட்டு வந்துருவோம்."

"என்ன ஒளர்ற?"

"ஒளறலண்ணே. எனக்கும் சிகப்பி ஆச்சிக்குந்தான் ஒண்ணும் இல்ல. நீங்களும் நானும்தான் ஒரே ரத்தம்."

மாஸ்டர் துடைப்பத்தை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். காசி உடைந்த கிளாஸுக்கும் சேர்த்துக் காசைப் பலகையில் வைத்துவிட்டுக் காருக்கு நடந்தான். ஃபைலைப் பிடுங்க அவன் கை ஒரு தரம் துடித்தது. பிடுங்கவில்லை. பெஞ்சில் ஐந்தாறு பேர் சேர்ந்திருந்தார்கள், அதில் ஒருவனுக்குக் கோட்டையூர் ஜாடை.

வண்டி மதுரைக்குத் திரும்பவில்லை. குன்றக்குடி தாண்டும்போது காசியின் போன் அடித்தது. நாராயண். காசி பார்த்துவிட்டுக் கட் பண்ணினான். மறுபடி அடித்தது. மறுபடி கட். மூன்றாம் முறை எடுத்து, "இல்லைங்க, இப்போதைக்கு வேணாம். தங்கச்சிக்குப் பிரியமில்ல," என்றான். அவளுக்குப் பைத்தியம் என்று சொல்ல அவனுக்கு இனி வாய் வராது. அந்த வார்த்தையை எடுத்தால் பச்சை ஃபைலும் சேர்ந்து வரும்.

சாலா ஜன்னலோரம் சாய்ந்திருந்தாள். ஜெயித்த மாதிரி இல்லை. கோபம் இறங்கவே இல்லை, இன்னும் எதையாவது எறிய வேண்டும்போல் கை ஊறியது. எறியாமல் ஃபைலை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் முதலில் ஸ்க்ரூ டிரைவர். அந்தக் கொண்டியைத் தானே கழற்ற வேண்டும், ஆசாரியைக் கூப்பிடப் போவதில்லை. மாத்திரையையும் போடத்தான் போகிறாள். தூங்காமல் இந்தக் கோபத்தைக் கட்டி மேய்க்க முடியாது.

அவளுக்குள் பழைய குரல் கேட்டது. கேட்டதா, நினைத்தாளா என்று இந்த முறை அவள் விசாரிக்கவில்லை. நான் உனக்கு அப்பத்தா இல்லடி.

"ஆமா ஆச்சி," என்றாள் சாலா, வாய்விட்டு, நன்றாகக் கேட்கும்படி. "இல்லதான். எங்களுக்குத் தெரியாம இல்ல, தெரிஞ்சேதான் அப்பிடிக் கூப்புட்டோம்."

காசி திரும்பி அவளைப் பார்த்தான். உதடு அசைந்தது. பிறகு ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.